மொபைல் ஹோம் வாங்கும் முன் மண்ணைப் பாருங்கள்

ஓய்வுக்காலத்துக்கு அமெரிக்காவில் மொபைல் ஹோம், அதாவது தொழிற்சாலையில் கட்டி மனைக்குக் கொண்டுவந்து வைக்கும் வீடு, வாங்க நினைக்கிறீர்களா? வீட்டின் விலையைப் பிறகு கேளுங்கள்; அடியில் இருக்கும் மண் யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. பல இடங்களில் வீடு உங்களுடையது, மனை வாடகைக்கு. அந்த வாடகை ஓய்வூதியத்தை விட வேகமாக ஏறலாம். கடந்த ஐந்தாண்டு உயர்வை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பிடிக்காவிட்டால் வீட்டோடு கிளம்பிவிடலாம் என்று பெயரை நம்பி ஏமாறாதீர்கள். பெயர்த்து நகர்த்த ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். பழைய வீடு பயணத்தைத் தாங்காமலும் போகலாம்.

வெளிச்சுவரில் சிவப்பு ‘ஹட்’ (HUD, அமெரிக்க வீட்டுவசதித் துறை) தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள்; அத்துறையின் கட்டுமான விதிகளின்படி கட்டிய வீடு என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தக் கட்டுமான விதிகள் 1976 ஜூன் 15 அன்று நடைமுறைக்கு வந்தவை. அதற்கு முந்தைய வீட்டுக்குக் கடனும் காப்பீடும் கிடைப்பது கடினம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன்.