பராக்கு பார்த்ததை இங்கிலீஷில் சொல்வது எப்படி

அல்வா கிண்டும்போது துடுப்பை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினால் போதும், "ஏட்டி, அங்க என்ன பராக்கு? அடி பிடிக்கப் போகுது!" என்று அத்தை சத்தம் போடுவாள். திருநெல்வேலிப் பக்கம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு பராக்கு போதும். இங்கிலீஷில் போதாது. மனசு எங்கே போனது, அதனால் எது கெட்டது என்று பார்த்துத்தான் சொல்லை எடுக்க வேண்டும்.

முக்கியமானதைக் கவனிக்காமல் விட்டீர்களா? 'டுக் மை ஐ ஆஃப் த பால்'. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் கேட்ச் பிடிக்க நிற்பவன் பந்தை விட்டுக் கேலரியைப் பார்ப்பானே, அதுதான். பந்து நழுவியே விட்டது, அதாவது காரியம் கெட்டது என்றால் 'டிராப்ட் த பால்'. அல்வா கணக்கில், ஜன்னலைப் பார்த்தது முதலாவது, அடி பிடித்தது இரண்டாவது.

ஒரு வேலைக்கு நடுவே இன்னொன்று இழுத்துக்கொண்டு போனால் 'காட் சைட்டிராக்டு'. கரண்ட் பில் கட்ட போனை எடுத்து, வாட்ஸப்பில் கல்யாண போட்டோ பார்த்து, அப்படியே அந்தச் சேலை என்ன விலை என்று தேடப் போய், கடைசியில் பில் கட்டாமலே கிடக்குமே, அந்தக் கதை. இது ரயில் பாஷை. எதிர் வண்டி வருகிறதென்று திருச்செந்தூர் பாசஞ்சரைப் பக்கத்து லைனில் ஒதுக்கி நிறுத்துவார்கள் அல்லவா, அப்படி. ஆனால் பேச்சு பாதியில் மறந்தால் சொல்லும் 'லாஸ்ட் மை டிரெயின் ஆஃப் தாட்'டில் ரயிலே கிடையாது. இங்கிலாந்துத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் 1651லேயே எண்ணங்களின் 'டிரெயின்' என்று எழுதிவிட்டார், அப்போது ரயில் ஏது? ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசை என்றுதான் அர்த்தம்.

சும்மா நினைப்பு மேயப் போனால் 'வுல்கேதரிங்': வேலியிலும் முள்ளிலும் செம்மறியாடு விட்டுப்போன ரோமத்தைப் பொறுக்கிக்கொண்டு அலைவது. எனக்குப் பிடித்த சொல், ஆனால் ஆபீஸில் பழைய வாடை அடிக்கும். 'ஜோன்டு அவுட்' போதும்.

'அஸ்லீப் அட் த வீல்' மட்டும் பார்த்து. பொறுப்பில் இருந்தவர் கண்டுகொள்ளாமல் விட்டார் என்று குற்றம் சொல்லும் பேச்சு அது. ஒரு ரிப்போர்ட் லேட்டானதற்கு நானே என்னைப் பற்றி அப்படி எழுதி அனுப்ப, மேனேஜர் பதறிப்போய் போன் போட்டார்: "என்னம்மா, வண்டி ஓட்டும்போது தூங்கிட்டியா? அடி கிடி படலையே?" அடுத்த மெயிலில் 'ஐ காட் சைட்டிராக்டு, சாரி' என்றதோடு நிறுத்திக்கொண்டேன்.