கைல கொஞ்சம் காசுதான் இருக்கா, வேலைக்கு போக துணி இப்படி எடுங்க

புதுசா வேலைக்கு சேர்ற பொண்ணுங்க பெரும்பாலும் கண்ணுக்கு புடிச்ச டாப்ஸ் எல்லாத்தையும் முதல்ல அள்ளிட்டு வந்துட்டு அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் மேட்சிங் பேண்ட் தேடி அலையறாங்க, காசு கரையறதே அங்கதான். நீங்க பேண்ட்ல இருந்து ஆரம்பிங்க. கருப்பு, நேவி ப்ளூ, சந்தன கலர், மூணு போதும். இந்த மூணோடயும் சேர்ற மாதிரி அஞ்சு டாப்ஸ் எடுத்தா 15 விதமா மாத்தி மாத்தி போடலாம். ஒரே ஒரு பேண்டோடதான் சேரும்னா எவ்ளோ அழகா இருந்தாலும் திரும்ப வச்சிடுங்க.

பேண்ட்ல மட்டும் காசு பாக்காதீங்க, வாரத்துக்கு ரெண்டு தடவை துவைச்சு அடி வாங்கறது அதுதான். லெகிங்ஸா இருந்தா கையை உள்ள விட்டு விரிச்சு வெளிச்சத்துல பாருங்க, விரல் தெரிஞ்சா வேணாம்.

டாப்ஸுக்கு காட்டன் துணி எடுத்து தைக்கிறதுதான் ரொம்ப நாள் வரும், ரெண்டரை மீட்டர் தாராளமா போதும். ஈரோடு பக்கம்னா செவ்வாய்க்கிழமை ஜவுளி சந்தைக்கு போங்க, சென்னைன்னா ரங்கநாதன் தெரு. பனியன், டி-ஷர்ட்டுக்கு திருப்பூர் காதர்பேட்டை, ஆனா எக்ஸ்போர்ட்ல கழிச்சதுல தையல் விட்டிருக்கும், உள்பக்கம் திருப்பி பாத்துதான் எடுக்கணும். ஆடித் தள்ளுபடிக்கு போறீங்கன்னா என்ன வேணும்னு எழுதி எடுத்துட்டு போங்க, இல்லன்னா கூட்டத்துல கைக்கு வந்ததை எடுத்துட்டு வந்துடுவோம்.

அடர் கலர் எடுக்கும்போது கர்ச்சீப் ஓரத்தை நனைச்சு துணியோட உள்பக்கம் தேய்ச்சு பாருங்க. நான் பாக்காம எடுத்த மெரூன் டாப்ஸ் முதல் துவைப்புலயே என் சந்தன கலர் பேண்டை ரோஸ் ஆக்கிடுச்சு, ரெண்டுமே போச்சு.

தைக்க குடுக்கறதுக்கு முன்னாடி துணியை ராத்திரி முழுக்க தண்ணில ஊற வச்சு நிழல்ல காய போடுங்க, சுருங்கறது இப்பவே சுருங்கிடும். டெய்லர்கிட்ட ரெண்டு பக்கமும் ஒரு இன்ச் உள்ள துணி விட்டு தைங்கன்னு கண்டிப்பா சொல்லுங்க, உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம். பாக்கெட்டும் கேளுங்க.

இன்னொண்ணு, அம்மாவோட பழைய காட்டன் புடவை இருந்தா மடிப்பு நைஞ்சிருக்கான்னு இழுத்து பாருங்க, கெட்டியா இருந்தா அதுலயே ரெண்டு டாப்ஸ் வந்துடும், அத்தனை தடவை துவைச்ச துணி இனிமே சுருங்கவும் சுருங்காது சாயமும் போகாது.