"தூக்குல போடு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி எப்படி யோசிக்கிறது

கொடூரமான ஒரு குற்றத்தைப் பத்தி கேள்விப்பட்டா கோபம் வரத்தான் செய்யும், அதை அடக்கச் சொல்லல. ஆனா வாதத்துல இறங்குறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வியைத் தனித்தனியா பிரிச்சு வச்சுக்கோங்க. செஞ்சதுக்கு அவன் எவ்வளவு தூரம் பொறுப்பு? தண்டனை கொடுத்து என்ன சாதிக்கப் போறோம்? இது ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறதாலதான் பாதி சண்டையே.

முதல் கேள்விக்கு சார்லஸ் விட்மன் கேஸைப் பாருங்க. 1966-ல டெக்சாஸ் பல்கலைக்கழக டவர்ல ஏறி கண்ணுல பட்டவங்களை எல்லாம் சுட்டவன், அதுக்கு முன்னாடியே அம்மாவையும் மனைவியையும் கொன்னுட்டான், நான் செத்ததும் பிரேதப் பரிசோதனை பண்ணி மூளையைப் பாருங்கன்னு எழுதியும் வச்சிருந்தான். அறுத்துப் பாத்தா நிஜமாவே கட்டி இருந்துச்சு. அப்போ கட்டிதான் கொன்னுச்சான்னா அதுவும் சொல்ல முடியல, ஏன்னா துப்பாக்கியோட சாப்பாடு, தண்ணி, ரேடியோன்னு பொட்டியில அடுக்கி எடுத்துட்டுல்ல மேல ஏறியிருக்கான்! கட்டிக்கு எவ்வளவு பங்குன்னு நிபுணர்களுக்குள்ளயே இன்னும் ஒத்துப்போகல.

இந்த இடத்துல யாராவது மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983-ல வெளியிட்ட ஆய்வைத் தூக்கிட்டு வருவாங்க. கையை அசைக்கணும்னு நமக்குத் தோணுறதுக்கு முன்னாடியே மூளை வேலையை ஆரம்பிச்சிடுது, அதனால நாமளா முடிவெடுக்கிறோம்ங்கிற சுயவிருப்பமே பொய்னு. ஆனா அது சும்மா தோணுறப்ப கையை அசைக்கிற விஷயம், திட்டம் போட்டுக் கொல்றதுக்கு அதை அப்படியே ஒட்ட வைக்காதீங்க. சட்டம் இவ்வளவு ஆழமா தோண்டுறதும் இல்ல: 1843-ல இங்கிலாந்துல வந்த மெக்நாட்டன் விதி, மனநோயால தான் என்ன செய்யறோம்னோ அது தப்புன்னோ தெரியாத நிலைமையில இருந்தானான்னுதான் பாக்குது.

ரெண்டாவது கேள்விக்கு வழக்கமா நாலு பதில் வரும். பழிக்குப் பழி, மத்தவங்களுக்குப் பயம், வெளிய விடாம அடைக்கிறது, ஆளைத் திருத்துறது. சுயவிருப்பம் இல்லன்னே வச்சுக்கிட்டாலும் ஆட்டம் காணுறது முதல் ஒண்ணுதான். "அப்போ எல்லாரையும் வெளிய விட்டுடலாமா?"ன்னு கேக்குறவங்க இதைத்தான் கோட்டை விடுறாங்க. நார்வேல ஆயுள் தண்டனையே கிடையாது, கொலைக்கு அதிகபட்சம் 21 வருஷம், ஆனா இன்னும் ஆபத்தானவன்னு கோர்ட்டுக்குத் தோணுற ஆட்களைப் பாதுகாப்புக் காவல்ல வச்சிருந்தா அதைத் திரும்பத் திரும்ப நீட்டிக்க முடியும்.

பயம்தான் முக்கியம்னு ஒருத்தர் சொன்னா, மாட்டிக்க எவ்வளவு சான்ஸ் இருக்குன்னு கேளுங்க, இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-லயே சொல்லிட்டாரு, கொடுமையை விட கண்டிப்பா கிடைக்கும்ங்கிற நிச்சயம்தான் தடுக்கும்னு. திருத்தணும்னு சொன்னா ஜெயிலுக்குள்ள அதுக்கு என்ன ஏற்பாடுன்னு கேளுங்க. "அவன் துடிக்கணும், அவ்ளோதான்"னு சொன்னாருன்னா, அவரை மட்டும் திரும்ப விட்மன் கேஸ்ல கொண்டுபோய் நிறுத்துங்க.