திமிர் பிடித்த பிரபு நாயகன்: வரலாற்றுக் காதல் நாவலுக்கு விமர்சனம் எழுதும் முறை

"ஹீரோவுக்கு ஓவர் திமிர், ஆனா கடைசியில மாறிட்டான். 4 ஸ்டார்." ரீஜென்சி காலத்துக் (இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்) காதல் நாவல்களுக்கு வாசகர்கள் எழுதும் கருத்து பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடுகிறது. வாங்கலாமா வேண்டாமா என்று பார்ப்பவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. இந்த வகை நாவலில் நாயகன் திமிர் பிடித்தவன் என்பதை அட்டைப்படமே சொல்லிவிடும். அந்தத் திமிர் எந்தப் பக்கத்தில் உடைகிறது, அதற்கு அவன் கையிலிருந்து என்ன போகிறது என்பதைத்தான் விமர்சனம் சொல்ல வேண்டும்.

படிக்கும்போதே மூன்று இடங்களில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அவன் அவளை முதன்முதலில் மட்டம் தட்டும் இடம், அவள் முகத்துக்கு நேரே அதைத் திருப்பிக் கேட்கும் இடம், அவன் எதையாவது உண்மையாகவே இழக்கும் இடம். பணம், மானம், உறவு, எதுவானாலும் சரி. கண்ணீர் கணக்கில் வராது.

இந்த அளவுகோலைப் பழக 1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' போதும். ஆஸ்டினுக்கு அது சமகாலக் கதைதான். பின்னால் வந்த ரீஜென்சி நாவல்களின் திமிர் நாயகர்கள் பலருக்கு அச்சு, அதன் நாயகன் டார்சி. மொத்தம் 61 அத்தியாயங்கள். 3ஆம் அத்தியாயத்து நடன விருந்தில் டார்சி நாயகி எலிசபெத்தின் காதில் விழும்படியே அவளைக் குறைத்துப் பேசுகிறான். 34இல், ஏறக்குறைய நட்டநடுவில், திருமணம் கேட்டு வந்தவனை அவள் வெளுத்து வாங்குகிறாள். 52இல் வரும் கடிதத்தில்தான் கணக்கு வெளிவருகிறது: விக்கம் என்பவனோடு ஓடிப்போன எலிசபெத்தின் தங்கை லிடியாவுக்கு அவனோடு கல்யாணம் நடக்க, விக்கமின் கடனுக்கென்று 1,000 பவுண்டுக்கு மேல், லிடியா பேரில் இன்னொரு 1,000, போதாததற்கு விக்கமுக்குப் படையில் அதிகாரி பதவி. எல்லாவற்றையும் டார்சி தன் பெயர் வெளியே தெரியாமல் செய்திருக்கிறான். மாற்றத்தை வாசகர் நம்புவது அந்த ரகசியத்தால். எலிசபெத் பார்க்க வேண்டும் என்று செய்திருந்தால் அது திமிரின் இன்னொரு வேஷம்.

இப்போது உங்கள் கையிலுள்ள நாவலுக்கு வாருங்கள். 300 பக்கத்தில் மூன்றாவது குறி 285ஆம் பக்கத்தில் விழுந்தால் ஆசிரியர் அவசரமாக முடித்திருக்கிறார் என்று அர்த்தம். மூன்றாவது குறியே இல்லை, ஒரு மன்னிப்புப் பேச்சும் வைர மோதிரமும்தான் என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். கோடீஸ்வர டியூக்குக்கு மோதிரம் ஒரு செலவா?

அடுத்தது, திமிர் என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் ஒட்டாதீர்கள். பட்டத்தையும் குலத்தையும் நினைத்து நிமிர்ந்து நிற்பது செருக்கு. எதிரே நிற்பவரைக் கண்டுகொள்ளாதது அலட்சியம். வாய்க்கு வந்ததைப் பேசிச் சிரிப்பது எகத்தாளம். எது என்று தெரிய, வேலைக்காரர்களிடம் அவன் எப்படி நடக்கிறான் என்று பாருங்கள். டார்சியின் பெம்பர்லி மாளிகையின் வீட்டுப் பொறுப்பாளர், அவனை நாலு வயதிலிருந்து தெரியும், ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை என்கிறார். சமமானவர்களிடம் விறைப்பு, கீழே இருப்பவர்களிடம் கனிவு, இது செருக்கு. குதிரைக்காரனையும் பணிப்பெண்ணையும் எட்டி உதைப்பவன் வேறு சாதி ஆள், அவனை எந்தக் காதலும் கழுவிவிடாது.

வற்புறுத்தலைத் திமிரோடு சேர்க்கவே கூடாது. அவள் வேண்டாம் என்ற பிறகும் அவன் தொட்டால் அது தனி வரி, விமர்சனத்தின் மேல்பாதியிலேயே வர வேண்டும். 1970களின் அமெரிக்க வரலாற்றுக் காதல் நாவல்கள் பலவற்றில் இது சர்வசாதாரணம். ஆகவே புத்தகம் முதலில் வெளியான ஆண்டையும் குறிப்பிடுங்கள். நம் ஊர் ஆன்டி ஹீரோ கதைகளைப் படித்துப் பழகியவர்களுக்கும் இந்த எச்சரிக்கை தேவைப்படும். எல்லாருக்கும் தாங்கும் சக்தி ஒன்றல்ல.

வரலாற்றுப் பிழை சொல்வதில்தான் விமர்சகர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். சரிபார்க்க வேண்டியவை சில. ரீஜென்சி என்பது 1811 முதல் 1820 வரை. பிரபுக்களின் பட்டங்கள் மேலிருந்து கீழாக டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுன்ட், பாரன். டியூக்கை 'யுவர் கிரேஸ்' என்றுதான் விளிப்பார்கள். பணியாள் அவரை 'மை லார்ட்' என்றால் பிழை. டார்சிக்குப் பட்டமே இல்லை, ஏர்ல் ஒருவரின் மகள்வழிப் பேரன், வெறும் மிஸ்டர். டார்சியைப் பிரபு என்று எழுதினால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். இங்கிலாந்தில் 1753 சட்டத்துக்குப் பிறகு 21 வயது நிரம்பாதவர் பெற்றோர் சம்மதமில்லாமல் லைசென்ஸ் (தேவாலயத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் மணக்கத் தரும் அனுமதி) பெற்று மணக்க முடியாது. அதனால்தான் காதலர்கள், அந்தச் சட்டம் செல்லாத ஸ்காட்லாந்தின் எல்லையிலுள்ள கிரெட்னா கிரீனுக்கு ஓடினார்கள். லைசென்ஸுக்குப் பதில் தேவாலயத் திருமண அறிவிப்பு என்றால் மூன்று ஞாயிறு படிக்க வேண்டும், இரண்டே நாளில் ஆகாது. மறுமணம் செய்யக்கூடிய விவாகரத்துக்கு 1857 சட்டம் வரும்வரை நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் போட வேண்டும். 1815இல் நடக்கும் கதையில் நாயகன் "நாளைக்கே விவாகரத்து" என்று மிரட்டினால் அது வெற்று மிரட்டல். ஆனால் பிழை எல்லாம் ஒரே எடையல்ல. விளிப்பில் தவறியதை ஒரு வரியில் தாண்டலாம். கதையின் முடிச்சே விவாகரத்தில் இருந்தால் ஒரு பத்தி கொடுங்கள்.

எழுதும்போது 250 முதல் 300 சொல் போதும். முதல் இரண்டு வரியில் காலம், இடம், அவன் பட்டம், அவள் நிலை. பிறகு எந்த வகைத் திமிர் என்று ஒரு காட்சியோடு. அடுத்து நாயகியின் பங்கு: அவள் எதிர்த்து நிற்கிறாளா, காத்திருந்து அழுகிறாளா? பலர் அவனைப் பற்றியே எழுதி அவளை மறந்துவிடுகிறார்கள். கடைசியில் அவன் கொடுத்த விலை. அது பின்பாதியில் வருமாதலால், எதை இழந்தான் என்று உடைக்காமல் "முக்கால் கதையில், யாருக்கும் தெரியாமல் கொடுக்கிறான், நம்பும்படி இருக்கிறது" என்ற அளவில் நிறுத்துங்கள்.

ஸ்டார் போடுவதை ஒரு நாள் தள்ளி வையுங்கள். புத்தகத்தை மூடிய சூட்டில் போட்டால் கடைசி அத்தியாயத்தின் முத்தத்துக்கு ஒரு ஸ்டார் கூடிவிடும்.