வேகமெடுத்த படகு ஆட ஆரம்பித்தால் கை செய்யும் தவறுகள்

மதுரைக்காரர்களுக்குப் படகு என்றதும் நினைவுக்கு வருவது தெப்பத் திருவிழாதான். தைப்பூசத்தன்று மாரியம்மன் தெப்பக்குளத்தில், கரையில் நிற்கிற சனம் வடம் பிடித்து இழுக்க, மைய மண்டபத்தைச் சுற்றி அசைந்து அசைந்து வரும் தெப்பம். அவ்வளவு உயர அலங்காரத்தைச் சுமந்தும் அது சாய்வதில்லை. அடி அகலம், வேகமோ கிடையாது. தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கிற பகுதியே அதைத் தாங்கிக்கொள்கிறது.

பதினாலு அடி ஃபைபர் படகின் பின்பலகையில் அவுட்போர்ட் இஞ்சினை மாட்டி ஆக்சிலேட்டரைத் திருகினால் கணக்கு மாறிவிடும். மணிக்கு 25, 30 கிலோமீட்டரைத் தொடும்போது படகு மிதப்பதை விட்டுத் தண்ணீர்மேல் ஏறி வழுக்கி ஓட ஆரம்பிக்கும். அப்போது அதைத் தூக்கிப் பிடிப்பது அடியில் வந்து மோதும் தண்ணீரின் உந்துதல். வேகம் கூடக் கூடத் தண்ணீரைத் தொடும் பரப்பு சுருங்கிக்கொண்டே போகும். கடைசியில் பின்பக்கத்தில் ஒரு பாய் அகலம்கூட இருக்காது. கரையோரம் நாலு பேர் ஏறி நின்றாலும் அசையாத படகு, ஓட்டத்தில் ஒருவர் இடம் மாறி உட்கார்ந்தாலே ஆட்டம் காட்டுவது இதனால்தான்.

இருபது வருஷமாக அவுட்போர்ட் இஞ்சின் பழுது பார்க்கிறேன். தொண்டி, மண்டபம் பக்கத்து வள்ளங்களின் இஞ்சின் வரும். கண்மாய் மீன்பாசிக் குத்தகைக்காரர்களின் சின்னப் படகு வரும். ஐப்பசி மழைக்கு முன்னால் மீட்புக் குழுக்களின் ரப்பர் படகு வரும். "படகு நிதானம் இல்லாம ஆடுது, இஞ்சினப் பாருங்க" என்று கொண்டுவருகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் இஞ்சினில் கோளாறே இருப்பதில்லை. பாரத்தை வைத்த இடம் தப்பு, இஞ்சின் சாய்ந்திருக்கும் கோணம் தப்பு, இல்லாவிட்டால் பதறிய கை செய்த தப்பு.

பாரம் எல்லாவற்றையும் பின்னால் சேர்ப்பது

போன கார்த்திகையில் மேலூர்ப் பக்கம் நிறைந்து கிடந்த ஒரு கண்மாய்க்கு ஒரு தம்பி கூப்பிட்டிருந்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பதினாலு அடிப் படகு, 25 குதிரைத்திறன் இஞ்சின், கைப்பிடியைத் திருகி ஓட்டுகிற ரகம்.

"அண்ணே, நல்லாத்தான் இழுக்குது. முழு வேகத்துக்குப் போனா மூக்கு மட்டும் டம்மு டம்முனு குதிக்குது. அடி பிளந்துருமோன்னு பயமா இருக்குண்ணே."

"எங்க உக்காந்து ஓட்டுற?"

"பின்னாடிதான், கைப்பிடிகிட்ட."

"பெட்ரோல் டேங்க்?"

"அதுவும் பின்னாடி. பேட்டரியும் அங்கதான். வலையும் ஐஸ் பெட்டியும்கூட."

ஐம்பது கிலோவுக்கு மேல் இஞ்சின், எழுபத்தைந்து கிலோ ஆள், 25 லிட்டர் பெட்ரோல் மட்டுமே பதினெட்டு கிலோவுக்கு மேல், அது போக மற்றச் சாமான்கள். எல்லாம் கடைசி நாலடிக்குள். சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டு பாலம் ஏறினால் முன்சக்கரம் தூக்குமே, அதே கதை. மூக்கு மேலே போகிறது. தாங்கத் தண்ணீர் இல்லாமல் கீழே விழுகிறது. விழுந்த வேகத்தில் தண்ணீர் மறுபடி தூக்கி எறிகிறது. ஒருமுறை இந்தத் துள்ளல் தொடங்கிவிட்டால் தானாக நிற்காது.

குனிந்து இஞ்சின் பிராக்கெட்டைப் பார்த்தேன். இந்த ரக இஞ்சின்களில் பின்பலகையை ஒட்டிய பிராக்கெட்டில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். குறுக்கே ஒரு ஸ்டீல் ஊசி. ஊசி எந்த ஓட்டையில் இருக்கிறதோ அதுதான் இஞ்சின் சாயும் கோணம். டிரிம் என்பது இதைத்தான். தம்பியின் ஊசி கடைசி ஓட்டையில் இருந்தது. புரொப்பல்லர் பின்னோக்கி நிமிர்ந்து, ஏற்கெனவே தூக்கிய மூக்கை இன்னும் தூக்கிக்கொண்டிருந்தது. ஊசியை உருவி இரண்டு ஓட்டை உள்ளே போட்டோம். டேங்கை முன்பலகைக்கு அடியில் தள்ளி, குழாயை நெளியாமல் நீட்டிவிட்டோம். ஐஸ் பெட்டி மூக்குக்குப் போனது. அதே படகு, அதே இஞ்சின், முழு வேகத்தில் ஒரு துள்ளல் இல்லை.

பட்டனில் டிரிம் மாற்றுகிற பெரிய இஞ்சின் என்றால் ஓடிக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். துள்ளல் ஆரம்பித்ததும் வேகத்தைச் சிறிது தணித்து, டிரிம்மை உள்ளே எடுங்கள். ஒவ்வொரு குதிப்புக்கும் ஏற்ப ஆக்சிலேட்டரைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பவர்கள் துள்ளலுக்குத் தாளம் போட்டுக்கொடுக்கிறார்கள்.

இதற்காக எதிர்முனைக்கும் போய்விடக் கூடாது. ஊசியைக் கடைசிவரை உள்ளே தள்ளி, பாரத்தை முழுக்க மூக்கில் ஏற்றினால் படகு மூக்கைத் தண்ணீருக்குள் குத்திக்கொண்டு ஓடும். சின்னத் திருப்பத்துக்கே மூக்கு மண்வெட்டி மாதிரி பிடித்துக்கொள்ள, பின்பக்கம் சுழன்று முன்னால் வரும். துள்ளுகிற படகாவது சத்தம் போட்டுச் சொல்லும். மூக்குக் குத்தின படகு சொல்லாமல் வீசிவிடும்.

பலகைக்கு அடியில் தேங்கிய தண்ணீரை யாரும் பாரமாக எண்ணுவதில்லை. ஏழு பிளாஸ்டிக் குடம் தண்ணீர் நூறு கிலோ. அதைவிட மோசம், அந்த நூறு கிலோ ஓரிடத்தில் நிற்காது. படகு இடதுபுறம் சாய்ந்தால் அத்தனையும் இடதுபுறம் ஓடி இன்னும் சாய்க்கும். கிளம்புமுன் இறைத்துவிட்டு ஏறுங்கள்.

பதறி ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடுவது

பயந்தால் பிரேக் அடிப்பது சாலை கற்றுக்கொடுத்த பழக்கம். படகில் பிரேக் இல்லை. ஆக்சிலேட்டரை ஒரேயடியாக மூடினால், தண்ணீர்மேல் ஓடிய படகு சட்டென்று உட்காரும். மூக்கு விழுந்து குத்தும், பின்பக்கம் லேசாகும், சற்று சாய்ந்திருந்தால் அப்படியே பக்கவாட்டில் சுழலும். முன்னால் நிற்பவர் தண்ணீருக்குள் போவார். இத்தனையும் தப்பினால்கூட, இதுவரை பின்னால் துரத்திவந்த சொந்த அலை வந்து சேரும்.

தொழிலுக்கு வந்த இரண்டாம் வருஷம் எனக்கு அது நடந்தது. முழு வேகத்தில் வலதுபுறம் ஏதோ மிதப்பதைப் பார்த்துப் பதறிக் கைப்பிடியை முழுதாக மூடிவிட்டேன். படகு நின்றது. திரும்பிப் பார்ப்பதற்குள் பின்பலகைமேல் ஏறி, முழங்கால் அளவுக்கு ஒரே வீச்சில் தண்ணீர் உள்ளே. இஞ்சின் முங்கியது. மிதந்தது வாழைமட்டை. என்னோடு வந்த பையனுக்கு நீச்சல் தெரியாது. அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்ட பிடி இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து, மூன்று எண்ணி முடிக்கும் நேரத்தில் படிப்படியாகக் குறைப்பது என் வழக்கம். படகு தண்ணீருக்குள் உட்கார்ந்த பிறகும் கொஞ்சம் இஞ்சினை இழுக்க விட்டு, பின்னால் வரும் அலை கடந்து போன பின்தான் முழுதாக மூடுவேன். எதிரே மனிதரோ இன்னொரு படகோ குறுக்கே வந்தால் மட்டும் இந்த விதி செல்லாது.

ஆட்டத்தை ஸ்டியரிங்கால் துரத்துவது

அடி 'வி' வடிவில் இருக்கும் வேகப் படகுகளுக்கு இன்னொரு நோய் உண்டு. மணிக்கு 70, 80 கிலோமீட்டரைத் தாண்டும்போது படகு 'வி'யின் கூரான முனையை மட்டும் ஊன்றி ஓடும். இடது விளிம்பு தண்ணீரைத் தட்டும், தூக்கி வலது பக்கம் எறியும்; வலது விளிம்பு தட்டும், திருப்பி எறியும். இடம், வலம், இடம், வலம். இரண்டு காலிலும் மாற்றி மாற்றி நடப்பதுபோல ஆகிவிடும். நாலைந்து தட்டிலேயே ஆட்டம் இரண்டு மடங்காகும்.

ஓட்டுபவர் செய்வது, இடதுபுறம் சாய்ந்ததும் ஸ்டியரிங்கை வலதுபுறம் ஒடிப்பது. கண் பார்த்து, கை திரும்பி, இஞ்சின் திரும்பிச் சேருவதற்குள் படகே வலதுபுறம் சாய ஆரம்பித்திருக்கும். ஊஞ்சல் தானாகப் போகிற திசையில் இவர் ஒரு தள்ளு தள்ளிவிடுகிறார். நிறுத்த நினைத்துத் தள்ளியது வீச்சைக் கூட்டுகிறது.

ஸ்டியரிங்கை நேராக, இறுக்கிப் பிடிக்காமல் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை மெல்லத் தணியுங்கள். ஐந்து கிலோமீட்டர் குறைந்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். டிரிம் பட்டன் இருந்தால் ஒரு தொடு உள்ளே. தேர்ந்த ஓட்டிகள் சாய்வதற்கு முன்பே நூலிழை திருத்தம் கொடுத்து ஆட்டத்தைப் பிறக்கவே விடமாட்டார்கள். அது பல நாள் பழக்கத்தில் கைக்கு வருவது. அதைப் பார்த்துவிட்டு முதல் நாளே முழு வேகத்தில் முயலாதீர்கள்.

கரையில் ஒரு சோதனை செய்யலாம். ஒருவர் ஸ்டியரிங்கை அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இஞ்சினின் அடிப்பகுதியை இடம் வலமாக ஆட்டிப் பார்க்கட்டும். ஸ்டியரிங் அசையாமல் இஞ்சின் மட்டும் விரற்கடை அளவு ஆடினால் கேபிளோ, இணைப்பு போல்ட்டோ தேய்ந்திருக்கிறது. அந்தத் தொய்வோடு வேகமெடுப்பது ஆட்டத்துக்கு அழைப்பு. இதை மாற்ற ஆகிற செலவுக்குக் கணக்குப் பார்ப்பவர்களிடம் நான் கோபப்பட்டிருக்கிறேன்.

ஸ்டியரிங் எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் அது வேறு விஷயம். புரொப்பல்லர் சுழலும் திசையால் வரும் இழுப்பு அது. புரொப்பல்லருக்கு மேலே சின்ன துடுப்பு மாதிரி ஒரு தகடு பல இஞ்சின்களில் இருக்கும். வலப்பக்கம் இழுத்தால் அதன் பின்முனையை வலப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பி போல்ட்டை இறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேகத்தோடு திரும்புவது

முழு வேகத்தில், டிரிம் வெளியே நிமிர்ந்தபடி ஒடித்துத் திருப்பினால் புரொப்பல்லர் மேலிருந்து காற்றை உறிஞ்சும். இஞ்சின் ஓலமிடும், இழுவை போகும், பின்பக்கம் வழுக்கும். அடுத்த நொடி புரொப்பல்லர் தண்ணீரைத் திரும்பப் பிடிக்கும்போது படகு வெட்டி இழுக்கும். ஆள் வெளியே தூக்கி எறியப்படுவது பெரும்பாலும் இந்த நொடியில்தான். முதலில் வேகத்தைக் குறை, அடுத்து டிரிம்மை உள்ளே எடு, பிறகு திருப்பு. வரிசை மாறக் கூடாது.

காற்றும் நம்ம ஊர்த் தண்ணீரும்

ஆடியில் வைகை அணைப் பக்கம் போய் நின்றவர்களுக்குத் தெரியும், மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்று நீர்த்தேக்கம் முழுக்கக் குட்டை குட்டையாக அலை எழுப்பிவிடும். ஆள் ஒருவர் மட்டும் பின்னால் உட்கார்ந்து, லேசான படகை எதிர்காற்றில் முழு வேகத்தில் விட்டால், அலை உச்சியில் மூக்கு எழும்பும் நேரத்தில் காற்று அடியில் புகுந்து தூக்கும். 1967 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் வேக சாதனைக்காக ஓடிய டொனால்ட் கேம்ப்பெல்லின் 'புளூபேர்ட்' படகு அப்படித்தான் மூக்கைத் தூக்கிப் பின்புறமாகக் குட்டிக்கரணம் அடித்தது. அவர் உயிர் அங்கேயே போனது. ஆஸ்திரேலியாவின் கென் வார்பி 1978 அக்டோபர் 8 அன்று மணிக்கு 511 கிலோமீட்டர் தொட்டு நிறுவிய, படகு வேகத்துக்கான உலக சாதனை இன்னும் நிற்கிறது. அதுவும் கடலில் இல்லை, ப்ளோவரிங் என்ற அணையின் நீர்த்தேக்கத்தில். நாம் அந்த வேகத்தின் பக்கத்தில்கூடப் போவதில்லை. ஆனால் நம் படகும் லேசுதான், காற்றும் அதே காற்றுதான். எதிர்காற்றில் பாரம் முன்னால், டிரிம் உள்ளே, வேகம் குறைவு.

கண்மாய்க்கென்று தனியாகச் சில உண்டு. கோடையில் கண்மாய்க்குள் முளைத்த சீமைக்கருவேலத்தை வெட்டிய முண்டுகள் தண்ணீர் நிறைந்ததும் கண்ணுக்குத் தெரியாது. வெயில் காலத்தில் ஒருதரம் காய்ந்த கண்மாயை நடந்து பார்த்தவரிடம் வழி கேட்டுக்கொள்ளாமல் வேகமெடுக்காதீர்கள். ஆகாயத்தாமரை புரொப்பல்லரில் சுற்றினால் இழுவை திடீரென்று போகும். கரையின் அலைகல்லில் மோதி உங்கள் அலையே திரும்பி வரும். போகும் அலையும் திரும்பும் அலையும் சேரும் இடத்தில் தண்ணீர் கூராக நிற்கும். கலுங்கு வழிகிற நாளில் அந்தப் பக்கமே வேண்டாம்.

எழுந்து நிற்கிறவர்கள்

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். நம் வைகைக்கு வரும் பெரியாற்றுத் தண்ணீர் தேங்கி நிற்கிற அதே நீர்த்தேக்கம். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் கூடியது அந்தக் கவிழ்வில் பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. அது மெதுவாகப் போகும் பெரிய படகு. சின்னப் படகில், வேகத்தில், போன் எடுத்துப் படம் பிடிக்க ஒருவர் எழுந்தாலே போதும். ஏறும்போதே இடம் சொல்லி உட்கார வையுங்கள். லைஃப் ஜாக்கெட் பக்கிள் மாட்டிய பின்தான் இஞ்சினில் கை வையுங்கள். கூச்சப்படாதீர்கள், மாமனாராகவே இருந்தாலும் சொல்லுங்கள்.

கடைசியாகச் சொன்னாலும் முதலில் செய்ய வேண்டியது, இஞ்சினோடு வரும் சிவப்புச் சுருள் கயிறு. ஒரு முனை கில் சுவிட்சில், மறுமுனை ஓட்டுபவர் உடம்பில். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வந்து இஞ்சினை நிறுத்தும். மாட்டாமல் விழுந்தால் ஆளில்லாத படகு பெரும்பாலும் நேராகப் போகாது. புரொப்பல்லரின் இழுப்பில் கைப்பிடி ஒடிந்து, வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே திரும்பி வரும். நான் பார்க்கிற படகுகளில் இந்தக் கயிறு முக்கால்வாசி இஞ்சின் மூடியிலேயே சுற்றிக் கிடக்கும், வெயிலில் வெளிறி.

மேலூர்த் தம்பியின் கயிறும் அப்படித்தான் கிடந்தது. பாரம் மாற்றி, ஊசி மாற்றி, இரண்டாம் ஓட்டத்துக்குக் கிளம்பும்போது அதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்காலுக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிக் கொக்கியை மாட்டினார். இழுத்துப் பார்க்கச் சொன்னேன். இழுத்தார். இஞ்சின் நின்றது.

"சரிண்ணே" என்றார். மறுபடி ஸ்டார்ட் செய்தோம்.