தீவில் காற்றாலை வேண்டும் என்று ஊரைச் சம்மதிக்க வைப்பது எப்படி

தீவு நாடுகளில் காற்று மின்சாரத்துக்காகப் பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் பருவநிலை மாற்றத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். கடல் மட்டம் உயர்கிறது, பவளப்பாறை வெளுக்கிறது என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் வீட்டு வாசல்வரை கடல் வந்து போனதைப் பார்த்தவர், அவருக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தான் கட்டும் மின்கட்டணத்தில் எவ்வளவு பணம் டீசலாகக் கப்பலில் வந்து இறங்குகிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது. பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்.

கணக்கு ரொம்பச் சுலபம். ஒரு லிட்டர் டீசலை எரித்தால் சுமார் நான்கு யூனிட் மின்சாரம் வரும், பழைய ஜெனரேட்டராக இருந்தால் இன்னும் குறையும். சராசரியாக ஒரு மெகாவாட் தேவைப்படும் ஒரு சின்னத் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 24,000 யூனிட், அதாவது 6,000 லிட்டர் டீசல். அங்கே ஒரு மெகாவாட் காற்றாலை ஒன்றை நிறுத்தி, அது ஆண்டு சராசரியில் தன் திறனில் 30 சதவீதம் ஓடினால் ஒரு நாளைக்கு 7,200 யூனிட் வரும், ஏறக்குறைய 1,800 லிட்டர் மிச்சம். இதை உங்கள் ஊர் டீசல் விலையால் பெருக்கி, 365-ஆலும் பெருக்கி, வரும் தொகையைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். அந்த ஒரு தாள் போதும், படக்காட்சி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த 30 சதவீதத்தை நீங்களாகவே எழுதிக்கொள்ளக் கூடாது. கடற்கரை என்றாலே நல்ல காற்று என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அது பாதிதான் சரி. காற்றில் உள்ள சக்தி அதன் வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடும். நொடிக்கு 6 மீட்டர் வீசும் இடத்துக்கும் 7 மீட்டர் வீசும் இடத்துக்கும் ஒரு மீட்டர்தான் வித்தியாசம், ஆனால் காற்றில் கிடைக்கும் சக்தி கிட்டத்தட்ட 60 சதவீதம் அதிகம். ஃபிஜியில் புட்டோனி மலைமேட்டில் 2007-ல் 37 காற்றாலைகளை நிறுத்தினார்கள், மொத்தம் சுமார் 10 மெகாவாட். எதிர்பார்த்த காற்று அங்கே இல்லை, உற்பத்தியும் கணக்குப் போட்டதைவிடக் குறைவாகவே வந்தது. இப்படி ஒன்று நடந்துவிட்டால் அதற்கப்புறம் அந்த நாட்டில் யார் காற்றாலை என்று வாயைத் திறந்தாலும் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அதனால் உலகக் காற்று வரைபடத்தை இணையத்தில் இலவசமாகப் பார்த்து இடங்களைச் சலித்தெடுங்கள், பிறகு தேர்ந்தெடுத்த இடத்தில் ஒரு கம்பம் நட்டு, குறைந்தது ஓர் ஆண்டு காற்றின் வேகத்தை அளக்கச் சொல்லி வலியுறுத்துங்கள். ஒரு பருவம் மட்டும் அளந்தால் போதாது, பருவக்காற்று வீசும் தீவுகளில் ஒரு மாதம் பேய்க்காற்றும் அடுத்த மாதம் இலைகூட அசையாத நிலையும் சகஜம்.

"காற்று நின்றால் என்ன செய்வீர்கள்?"

இந்தக் கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்: காற்று நின்றால் ஜெனரேட்டர் ஓடும், அதை யாரும் கழற்றி எடுத்துப் போகப் போவதில்லை. உண்மையில் இதைவிடச் சிக்கலானது காற்று நன்றாக வீசும் நேரம்தான். இரவு தேவை 1,000 கிலோவாட், காற்றிலிருந்து 800 வருகிறது என்று வையுங்கள். மீதி 200-ஐ ஜெனரேட்டர் தர வேண்டும். ஆனால் 1,000 கிலோவாட் டீசல் எந்திரத்தை 300-க்குக் கீழே நெடுநேரம் ஓட்டினால் எரியாத எண்ணெய் புகைபோக்கியில் படிந்து எந்திரம் கெடும். ஆகவே கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் காற்றாலையைத்தான் 700-க்குக் குறைப்பார், 100 கிலோவாட் இலவசக் காற்று வீணாகும். இதற்குத்தான் பேட்டரி வேண்டும், சிறிய ஜெனரேட்டர் ஒன்றும் வேண்டும். பேட்டரி என்றால் ராத்திரி முழுக்க ஊருக்கு விளக்கெரிக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள், பல தீவுகளில் அதன் முதல் வேலை, காற்று திடீரென்று இறங்கும்போது அடுத்த ஜெனரேட்டர் கிளம்பும்வரை சில நிமிடங்கள் தாங்கிப் பிடிப்பதுதான்.

பேட்டரிக்குப் பதில் மலையையும் பயன்படுத்தலாம். ஸ்பெயினின் கானரித் தீவுகளில் ஒன்றான எல் ஹியரோவில் 2014-ல் தொடங்கிய திட்டத்தில் 11.5 மெகாவாட் காற்றாலைகள் உண்டு. மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, காற்று குறையும்போது கீழே இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். 2019 கோடையில் தொடர்ந்து 24 நாள் டீசலே இல்லாமல் ஓடியது. இந்தச் செய்தியைச் சொல்லும்போது மறுபாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள், அந்த ஆண்டு மொத்தத்தில் பசுமை மின்சாரத்தின் பங்கு பாதிக்குச் சற்று மேல்தான். நூறு சதவீதம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஐம்பதைக் காட்டினால் தோல்வி என்பார்கள், ஐம்பது என்று சொல்லி ஐம்பதைக் காட்டினால் கைதட்டுவார்கள்.

புயல் வரும் தீவாக இருந்தால் அடுத்த கேள்வி அதுதான். மடக்கக்கூடிய காற்றாலைகள் இருக்கின்றன. சமோவாவின் உபோலு தீவில் 2014-ல் நிறுத்தியவை அந்த வகை, ஒவ்வொன்றும் 275 கிலோவாட். இழுகம்பிகளால் தாங்கப்பட்ட மெல்லிய கோபுரம், அடியில் கீல், பக்கத்தில் கம்பியைச் சுற்றி இழுக்கும் ஒரு வின்ச். புயல் எச்சரிக்கை வந்ததும் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கோபுரத்தை மெதுவாகச் சாய்த்து, தரையில் படுக்க வைத்துக் கட்டிவிடுகிறார்கள். வனுவாட்டுவில் 2015-ல் பாம் புயல் வருமுன் இப்படித்தான் படுக்க வைத்துக் காப்பாற்றினார்கள். அளவில் சின்னவை என்பது குறை. ஆனால் பெரிய கிரேன் இல்லாத தீவுக்கு அதுவே வசதியும்கூட.

யாருடைய காற்றாலை?

என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். டென்மார்க்கின் சாம்சோ, சுமார் 4,000 பேர் வாழும் தீவு, 1997-ல் அரசு நடத்திய போட்டியில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் தீவாகத் தேர்வானது. நிலத்தில் 11 காற்றாலைகள், கடலில் 10. நிலத்தில் நின்ற 11-ல் 9 உள்ளூர் விவசாயிகளுடையவை, மீதி இரண்டும் ஊர்க்காரர்கள் பங்கு போட்டு வாங்கியவை. கடலில் நிறுத்தியவற்றில் ஐந்தை ஊராட்சி வாங்கியது. ஊர்க்காரர்களிடம் பேசிப் பேசி இதைச் சாதித்த சோரன் ஹெர்மன்சன் அந்தத் தீவிலேயே பிறந்தவர். சொந்தப் பணம் போட்டவருக்கு இறக்கை சுற்றும் சத்தம் காதில் உறுத்துவதில்லை, பக்கத்து வீட்டுக்காரனுக்கு மட்டும் வாடகை போகிறது என்றால் அதே சத்தம் தூங்க விடாது. பின்னாளில் டென்மார்க் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தது, புதிய காற்றாலையில் குறைந்தது 20 சதவீதப் பங்கை 4.5 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்குத் தர முன்வர வேண்டும் என்று. 2020-ல் அந்த விதியை நீக்கிவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான அனுபவம் நமக்குத் தெரிந்த இடத்திலேயே இருக்கிறது. மன்னார் தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை அமைத்த 30 காற்றாலைகள் நிற்கின்றன, 103.5 மெகாவாட். அதற்கு மேலும் காற்றாலைகள் வரப்போகின்றன என்றதும் 2025-ல் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். மழைநீர் வடிவது தடைப்படுகிறது, மீன்பிடி பாதிக்கப்படுகிறது என்பது அவர்கள் குறை. இதோடு, மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் பாதையில் இருக்கிறது மன்னார். காற்றுக்கு எதிரிகள் என்று இவர்களைத் தள்ளிவிடுவது முட்டாள்தனம். இடம் முடிவாவதற்கு முன்பே மீனவர் சங்கத்திடம் போய், வரைபடத்தை மேசையில் விரித்து, "எங்கே வைக்கக் கூடாது?" என்று கேளுங்கள். அவர்கள் காட்டும் ஓடையும் கரைவலை இழுக்கும் இடமும் எந்த ஆலோசகர் அறிக்கையிலும் இருக்காது. பறவைக் கணக்கெடுப்பையும் வலசைக் காலத்தில் செய்ய வேண்டும், ஆலோசகருக்கு வசதியான மாதத்தில் செய்துவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுதக் கூடாது.

சிக்கனத்தையும் கூடவே பேசுங்கள். ஸ்காட்லாந்தின் எக் தீவில் 2008-ல் காற்று, நீர், சூரிய ஒளி மூன்றையும் இணைத்துச் சொந்த மின்வலை அமைத்தபோது, ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று ஊரே முடிவு செய்தது. மீறினால் மின்சாரம் துண்டிக்கப்படும், மறுபடி இணைக்கக் கட்டணம் கட்ட வேண்டும்.

அரசு அலுவலகங்களுக்குப் போகும்போது எரிசக்தி அமைச்சரோடு நின்றுவிடாதீர்கள், நிதி அமைச்சகம்தான் டீசலுக்கு அந்நியச் செலாவணி தேடுகிறது, டீசல் கணக்கு எழுதிய உங்கள் தாள் அங்கே இன்னும் நன்றாக வேலை செய்யும். ஜெனரேட்டர் ஓட்டும் ஊழியர்களையும் முன்கூட்டியே சந்தியுங்கள். தங்கள் வேலை போய்விடும் என்று பயந்தால் அவர்களே முதல் எதிர்ப்பாளர்கள் ஆவார்கள், காற்றாலையைப் பராமரிக்கப் பயிற்சி கிடைக்கும் என்று தெரிந்தால் கட்சி மாறிவிடுவார்கள்.

கடைசியாக, பராமரிப்பு. உப்புக்காற்று போல்ட்டையும் மின்பலகையையும் தின்றுகொண்டே இருக்கும். நன்கொடையில் வந்த காற்றாலை ஒரு பாகம் கிடைக்காமல் நின்றுபோனால் அதைச் சரிசெய்ய இன்னொரு நன்கொடையாளர் வரமாட்டார். எனவே ஒரே மாதிரி காற்றாலைகளாக வாங்கச் சொல்லுங்கள், முக்கியமான உதிரிபாகங்கள் தீவிலேயே இருக்க வேண்டும் என்பதையும் உள்ளூர் ஆட்கள் இருவருக்காவது முழுப் பயிற்சி தர வேண்டும் என்பதையும் டெண்டரிலேயே எழுத வையுங்கள். மிச்சமாகும் டீசல் பணத்தில் ஒரு பங்கு மாதாமாதம் பராமரிப்புக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், அப்புறம் கேட்டால் கிடைக்காது.