புதுப் போனைப் பார்க்கும் முன் கையிலிருக்கும் போனைத் துடையுங்கள்

ஆனித் தேரோட்டத்தன்று நெல்லை டவுன் ரத வீதியில் நின்றிருந்தோம். மதினி தன் போனில் எடுத்த தேர்ப் படத்தையும் அவருடைய தம்பி மகன் எடுத்த படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார். பையனின் படத்தில் தேர்ச் சீலைகளின் நிறங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. மதினியின் படத்தில் தேர்மேல் வெண்படலம் போர்த்தியதுபோல் இருந்தது. "மூன்று வருஷம் ஆகிவிட்டது, இனி இது தாங்காது. அவன் வைத்திருக்கும் போனையே வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன்" என்றார்.

போனை வாங்கிப் பார்த்தேன். கேமராவின் மேல் கடையில் ஒட்டிக் கொடுத்திருந்த பாதுகாப்புக் கண்ணாடி முழுக்கக் கீறல், ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. அதை நகத்தால் பெயர்த்து எடுத்தேன். அடியிலிருந்த லென்ஸை மெல்லிய துணியால் துடைத்துவிட்டு, அதே இடத்தில் நின்று மறுபடி எடுக்கச் சொன்னேன். படலம் போய்விட்டது. பையனின் படம் அப்போதும் ஒரு படி மேலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு படிக்காக 28,000 ரூபாய் கொடுக்க மதினிக்கு மனம் வரவில்லை.

சொந்தக்காரர்கள் போன் வாங்கும் போதெல்லாம் கூடப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இருக்கும் போனையும் வாங்க நினைக்கும் போனையும் ஒப்பிடுவதில் நடக்கும் பெரிய தவறு இதுதான். மூன்று வருஷம் உழைத்த போனை, உறை பிரித்து ஒரு நாள்கூட ஆகாத போனோடு நிறுத்திவைத்து மார்க் போடுகிறோம். பழைய போன் வாங்கிய அன்று எப்படி இருந்தது என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். லித்தியம் அயன் பேட்டரி நிரம்பி வடியும் ஒவ்வொரு சுற்றிலும் தன் கொள்ளளவில் கொஞ்சம் இழக்கிறது. ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதத்தைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிள் சொல்கிறது. ஐபோன் 15 முதல் அந்தக் கணக்கு 1,000 சுற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல், அங்கே விற்கும் போன்கள் 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. நாளுக்கு ஒரு சுற்று என்றால் 800 சுற்று இரண்டு வருஷத்துக்குச் சற்று மேல். ஆக, 5,000 மில்லியாம்பியர் மணி என்று நீங்கள் வாங்கிய பேட்டரி இப்போது 4,000 அளவில் நிற்கலாம். கடையிலிருக்கும் போட்டிப் போனில் 5,500 என்று எழுதியிருக்கிறது. இரண்டு மாடல்களுக்கும் உண்மையான வித்தியாசம் 500தான். உங்கள் கைக்குத் தெரிவதோ 1,500. மீதி 1,000 வயதின் கணக்கு, பேட்டரியை மாற்றினால் திரும்பி வந்துவிடும். நிறுவனத்தின் சேவை மையத்தில் அசல் பேட்டரி மாற்ற ஆகும் செலவு, புதுப் போன் விலையில் ஒரு சிறு பங்குதான். ஐபோனிலும் புதிய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் பேட்டரியின் நிலையை அமைப்புகளுக்குள் பார்க்கலாம். ஒப்பிட உட்காரும் முன் அதைப் பாருங்கள்.

சேமிப்பிடமும் அப்படியே. காலை வணக்கப் படங்களும் கல்யாண வீட்டுக் காணொளிகளும் வாட்ஸ்அப் வழியாகவே வந்து நிரம்பிவிடுகின்றன. ஃபிளாஷ் சேமிப்பகம் நிரம்பி வழியும் நிலையில் புதிதாக எழுதத் திணறும், போன் முழுவதும் மந்தமாகும். பத்தில் ஒன்றிரண்டு பங்கையாவது காலி செய்து, ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு ஒரு வாரம் பயன்படுத்துங்கள். அந்த ஒரு வாரம் கழித்தும் புதுப் போன் தேவை என்று தோன்றினால் அது நம்பத்தக்க தேவை.

இதற்கு நேர்மாறான தவறும் இருக்கிறது, அதில் பெரும்பாலும் ஆண்கள்தான் விழுகிறார்கள். தான் காசு கொடுத்து வாங்கியது என்பதாலேயே, அந்த நிறுவனத்துக்காக வழக்காடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் அத்தான் ஒருவர் இரண்டு வருஷமாகப் பாதுகாப்பு மேம்படுத்தல் (செக்யூரிட்டி அப்டேட்) எதுவும் வராத போனில்தான் வங்கிக் கணக்கும் யு.பி.ஐ.யும் வைத்திருந்தார். புதுப் போன் எதைக் காட்டினாலும் "என்னுடையதில் இல்லாதது இதில் என்ன இருக்கிறது?" என்பார். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாதுகாப்புதான் இல்லாமல் போயிருந்தது. போன் வேகமாக இருக்கிறது, படம் நன்றாக விழுகிறது என்பதால் அது பாதுகாப்பாக இருக்கிறது என்றாகாது.

மேம்படுத்தலைக் கணக்கிடுவதிலும் ஒரு பிசகு நடக்கிறது. கூகுள் 2023இல் வந்த பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் வந்த கேலக்ஸி எஸ்24க்கும் 7 ஆண்டுகள் மேம்படுத்தல் தருவதாக அறிவித்தன. விலை குறைந்த போன்களுக்கு அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். இந்த ஆண்டுகள், மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. 4 ஆண்டு என்று அறிவித்த போனை, வெளிவந்து 2 ஆண்டு கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது 2 ஆண்டுதான். கையிலிருக்கும் போனுக்கே ஒன்றரை வருஷம் மீதமிருக்கிறது என்றால், அந்தத் தள்ளுபடி உங்களுக்குக் கொடுப்பது வெறும் ஆறு மாதம்.

அடுத்து, ஒப்பிடும் இடம். வண்ணார்பேட்டையிலோ முருகன்குறிச்சியிலோ குளிரூட்டிய கடைக்குள், விளக்கு வெளிச்சத்தில், முழுப் பிரகாசத்தில் ஓடிக்கொண்டிருக்கும் காட்சிப் போனைப் பார்க்கிறீர்கள். நிறங்களும் கண்ணைப் பறிக்கும்படி கூட்டி வைக்கப்பட்டிருக்கும். உங்கள் போனோ பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பாதி வெளிச்சத்தில் பையிலிருந்து வருகிறது. இரண்டையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, இரண்டிலும் இயல்பு நிறத்தைத் தேர்ந்து, ஒரே படத்தைத் திறந்து பாருங்கள். பிறகு கடைக்கார அண்ணாச்சியிடம் கேட்டுக்கொண்டு இரண்டையும் வாசலுக்கு எடுத்து வாருங்கள். நான் கேட்டு யாரும் மறுத்ததில்லை.

வாசலுக்கு வரவேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்தக் காரணம் நம் வெயில். திரை எவ்வளவு ஒளிரும் என்று விளம்பரத்தில் போடும் உச்ச நிட்ஸ் எண் பெரும்பாலும் திரையின் ஒரு சிறு பகுதியில், சில வகைக் காணொளிகளில், சற்று நேரம் மட்டும் எட்டப்படுவது. நண்பகலில் பஸ் நிறுத்தத்தில் நின்று பஸ் நேரம் பார்க்கும்போது முழுத் திரையும் எவ்வளவு ஒளிரும் என்பது வேறு எண், அது சிறியது. ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. பாளையங்கோட்டையில் சித்திரை, வைகாசி மாதங்களில் பல நாள் அதற்கு மேல்தான். சூடேறிய போன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், திரையை மங்கலாக்கும், சார்ஜ் ஏறுவதை மெதுவாக்கும். இது எந்தப் போனுக்கும் நடக்கும், எந்த அளவில் நடக்கிறது என்பதில்தான் வேறுபாடு. போனின் வேகத்தை அளக்கும் சோதனைச் செயலிகள் தரும் லட்சக்கணக்கான மதிப்பெண்கள் அந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. அந்த மதிப்பெண்களையும், செயலியின் பதிப்பு மாறினால் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. தென்காசி பஸ்ஸில் ஜன்னலோர வெயிலில் அரை மணி நேரம் வழிகாட்டி வரைபடம் ஓட்டிப் பார்த்தவர் யாராவது அந்தப் போனை வைத்திருந்தால், அவரிடம் கேட்பது மேல்.

கேமராவில் நடக்கும் தவறுகள்தான் அதிகம். 200 மெகாபிக்சல் என்றதும் 50 மெகாபிக்சலைவிட நான்கு மடங்கு தெளிவு என்று எண்ணுகிறோம். 200 மெகாபிக்சல் சென்சார் சாதாரணமாகப் படம் எடுக்கும்போது 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத் தரும். 50 மெகாபிக்சல் சென்சார் 4 புள்ளிகளைச் சேர்த்து அதே 12.5 தரும். முடிவில் வருவது ஒரே அளவுப் படம். அதன் தரத்தைத் தீர்மானிப்பவை சென்சார் எவ்வளவு பெரியது, லென்ஸ் எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது, படத்தைச் செப்பனிடும் மென்பொருள் எப்படி என்பவை.

அதைவிடச் சாதாரணமான தவறு, இந்தப் போனின் படத்தை இந்தப் போன் திரையிலும் அந்தப் போனின் படத்தை அந்தப் போன் திரையிலும் பார்ப்பது. அப்போது நீங்கள் ஒப்பிடுவது கேமராவை அல்ல, திரையை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிப் பார்ப்பதும் கூடாது. அது படத்தைச் சுருக்கிவிடுவதால் நல்ல படத்துக்கும் சுமாரான படத்துக்கும் உள்ள வித்தியாசம் பாதி அழிந்துவிடும். இரண்டு படங்களையும் ஆவணமாக அனுப்பி, ஒரே கணினித் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்.

எதைப் படம் எடுத்து ஒப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். கடையில் மேசை மேலிருக்கும் பூச்செடி அசையாது. வீட்டில் பேரன் ஓடிக்கொண்டே இருப்பான். இரவுப் படங்களுக்குப் போன் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது, அதற்கு ஒன்றிரண்டு நொடி பிடிக்கும். அந்த நேரத்தில் நகரும் சப்பரமும் மனிதர்களும் கலங்கலாவார்கள். ஆகவே இருட்டில் அசையும் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நீங்கள் நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்கப் போகிறவர் என்றால் கவனிக்க வேண்டியது மெகாபிக்சலையே அல்ல. தூரத்தை அருகே கொண்டுவர அந்தப் போனில் தனி லென்ஸ் இருக்கிறதா, அது 3 மடங்கா 5 மடங்கா என்று பாருங்கள். அந்த லென்ஸ் இல்லாமல் 20 மடங்கு, 30 மடங்கு என்று காட்டுவது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். மரத்திலிருக்கும் கூழைக்கடாவின் இறகு அதில் வண்ணக் கறையாகத்தான் தெரியும்.

சிக்னல் கிடைக்கவில்லை என்பதற்காகப் போன் மாற்றுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. பாபநாசத்துக்கு மேலே காரையாறு, மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலைப் பக்கம் போனால் எந்தப் போனும் திணறும். பையனுடைய போனில் கோடுகள் நிறைந்திருக்கின்றன, என்னுடையதில் ஒன்றுதான் என்று முடிவு கட்டாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்கள் என்றால், இரண்டிலும் அமைப்புகளுக்குள் சிம் நிலையைத் திறந்தால் சிக்னலின் வலிமையைக் காட்டும் மைனஸ் 85, மைனஸ் 110 என்பதுபோல் ஒரு எண் பெரும்பாலும் இருக்கும். பூஜ்யத்துக்கு நெருங்கிய எண் நல்லது. முக்கியமாக, ஒரே இடத்தில் நின்று ஒரே சிம்மை மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்த பிறகு குற்றம் சிம்மிடம் என்று தெரிந்துகொண்டவர்கள் பலர். இந்தச் சோதனையின்போது மற்றவர் போனில் வங்கிச் செயலி எதையும் பதிவு செய்யாதீர்கள்.

மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் வளைகுடாவிலிருந்து போன் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். பெயர் ஒன்றாக இருந்தால் போனும் ஒன்றே என்று எண்ண வேண்டாம். ஒரே பெயரில் வரும் மாடலுக்குள் நாட்டுக்கு நாடு அலைவரிசைகள் மாறும், சிலவற்றில் சிப்பே மாறும். அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் சிம் அட்டை போட இடமே கிடையாது, போனுக்குள்ளேயே பதிவாகும் மின்சிம் (இ-சிம்) மட்டும்தான். உத்தரவாதமும் பல நிறுவனங்களில் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். அங்கே விலை குறைவு என்று கணக்குப் போடும்போது இவற்றையும் சேர்த்துப் போடுங்கள்.

ரேம் 8+8 என்று எழுதியிருந்தால் உண்மையான ரேம் முதல் 8தான், மற்றது சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது. 80 வாட், 120 வாட் சார்ஜ் என்பது முதல் சில நிமிடங்களுக்கான உச்சம், அதுவும் அந்த நிறுவனத்தின் சார்ஜரோடு. சார்ஜர் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். நீரும் தூசியும் தாங்கும் தரக்குறியான ஐபி68 என்றால் நன்னீரில், புதுப் போனில், ஆய்வகத்தில் சோதித்தது. உவரிக் கடல்நீருக்கு அது பொருந்தாது.

விலையை ஒப்பிடும்போது பழைய போனுக்கு எக்சேஞ்சில் எவ்வளவு கிடைக்கும் என்று பார்க்கிறோம், அதை வீட்டில் வைத்துக்கொண்டால் யாருக்குப் பயன்படும் என்று பார்ப்பதில்லை. கிரெடிட் கார்டில் வரும் வட்டியில்லாத் தவணை என்பதிலும் வட்டி இருக்கிறது. அது விலையில் தள்ளுபடியாகக் கழிக்கப்படுகிறது, ஆனால் அந்த வட்டி மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் நடைமுறைக் கட்டணமும் உங்கள் கணக்கில் விழும். சேவை மையம் எங்கே என்பதும் விலையின் ஒரு பகுதிதான். திரை உடைந்தால் பாளையங்கோட்டையில் முடியுமா, மதுரைக்கு இரண்டு நடை நடக்க வேண்டுமா என்று முன்பே விசாரியுங்கள்.

குரலைச் சோதிப்பதை மட்டும் ஏனோ எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆடிக் காற்றில் நின்று பேசினால் எதிர்முனைக்குக் காற்றின் இரைச்சல்தான் போகும், சில போன்கள் அதை நன்றாக வடிகட்டும். எங்கள் ஆச்சிக்கு 81 வயது. அவருக்குக் கேமராவும் வேண்டாம், வாட்டும் வேண்டாம், பேரப்பிள்ளைகள் பேசுவது காதில் விழவேண்டும். அவருக்காகப் போன் பார்த்தபோது நான் ஒப்பிட்டது இரண்டு ஸ்பீக்கர்களின் சத்தத்தை மட்டும்தான். இரண்டிலும் ஊரிலிருக்கும் பெரியம்மாவை அழைத்துப் பேசவைத்தேன், ஆச்சியே தேர்ந்தெடுத்தார். இரண்டில் விலை குறைந்தது அதுதான்.

மதினியின் போனுக்குப் பேட்டரி மாற்றினோம். காலையில் சார்ஜிலிருந்து எடுத்தால் இரவுச் சாப்பாடு வரை வருகிறது. அதற்கான பாதுகாப்பு மேம்படுத்தல் வருகிற சித்திரையோடு முடிகிறது, அப்போது வேறு வாங்குவார். அதற்கு முன் தம்பி மகனின் போனை ஒரு நாள் வாங்கி, தன் சிம்மைப் போட்டு, அம்பாசமுத்திரம் வரை பஸ்ஸில் போய் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.